நேரமா, கிலோமீட்டரா, நாள் கணக்கா: வேலூரில் ஓடுகிறவனின் வருட இலக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. பால் வாங்காத நாளில் அம்மா ஒரு பெருக்கல் குறி போடுவார். மாதக் கடைசியில் பால்காரரிடம் கணக்குப் பார்க்க அதுதான் ஆதாரம். போன வருடம் ஜனவரியிலிருந்து அதே காலண்டரில் நானும் நீலப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்தேன். முதல் மாதமே தகராறு. "ஏம்பா, இன்னா இது வட்டம் வட்டமா? அன்னிக்கெல்லாம் ரெண்டு பாக்கெட்டா வாங்கினோம்?" என்று அம்மா கேட்டார்.

வட்டம் என்றால் அன்றைக்கு ஓடினேன் என்று அர்த்தம். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் வேறு இரண்டு வகை இலக்கு வைத்துப் பார்த்து, இரண்டிலும் அடிபட்ட பிறகு இதற்கு வந்து சேர்ந்தேன். ஜனவரி பிறந்தால் "இந்த வருஷம் என்ன டார்கெட்?" என்று காலையில் ஓட வருகிறவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம் என்பதால், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

என் நிலவரம்: வயது 44, வீடு சத்துவாச்சாரி, வேலை ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில். காலை ஏழேகாலுக்கு ஸ்டாஃப் பஸ். ஷிப்மெண்ட் நெருங்கினால் வீடு திரும்ப இரவு பத்தாகும். ஐந்து மணிக்கு எழுந்தால்தான் ஓட்டம், இல்லையென்றால் இல்லை. பத்து மணிக்குப் பஞ்ச் வைக்கிற வேலை உள்ளவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாமல் போகலாம்.

முதல் வருடம் நேர இலக்கு. அடுத்த ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 21.1 கிலோமீட்டர், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 வினாடி. இதன் நல்லதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒருவரை வேகமாக்குவது இது ஒன்றுதான். தேதி இருக்கிறது, எண் இருக்கிறது, எந்த வாரம் என்ன ஓட வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை.

சிக்கல் நம் ஊர். மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். ஏப்ரல் மாதம் விடியற்காலையில் மலையை ஒட்டிய தெருவில் ஓடிப் பார்த்தால் அந்தச் சொலவடை உடம்பில் உறைக்கும். பகலெல்லாம் 40 டிகிரிக்கு மேல் வாங்கின மொட்டைப் பாறை, விடிகிற வரைக்கும் அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். உடம்பு சூடாகும்போது இதயம் காலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், குளிர்விப்பதற்காகத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் டிசம்பரில் சிரித்துக்கொண்டே ஓடிய அதே வேகத்துக்கு மே மாதத்தில் நாக்கு தள்ளும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானையே வெயிலுக்குப் பயந்து 800 கிலோமீட்டர் வடக்கே சப்போரோவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் விடவில்லை: பெண்கள் மாரத்தானை முந்தின நாள் சாயங்காலம் அவசரமாக ஒரு மணி நேரம் முன்னால் இழுத்தார்கள். ஆண்கள் ஓட்டத்தில் கிளம்பிய 106 பேரில் 30 பேர் முடிக்கவே இல்லை. சத்துவாச்சாரியை யார் வடக்கே மாற்றுவது?

எனக்கு அப்போது இந்தப் புத்தி இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வாட்ச்சில் 5:41 வராத ஒவ்வொரு நாளும் தோற்ற நாளாகத் தெரிந்தது. சர்வீஸ் ரோடு டீக்கடை அண்ணன் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கடன்காரன் தொரத்தறானா?" என்று கேட்டார். ஜூனில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கணக்குப் பார்த்தால் வருட இலக்கு என்று பெயர் வைத்தேனே தவிர, வேகப் பயிற்சிக்கு வேலூர் இடம் கொடுத்தது அக்டோபருக்கு மேல்தான். அதிலும் பாதி நாள் மழை. ஜனவரியில் 2 மணி 7 நிமிடத்தில் முடித்தேன். மோசமில்லை. ஆனால் வருடத்தில் ஒன்பது மாதம் என்னைத் தோற்றவனாக வைத்திருந்த இலக்கு அது.

இரண்டாம் வருடம் கிலோமீட்டர். வருடத்துக்கு 1500. வாரத்துக்கு 29கூட இல்லை, நாளைக்கு நாலு சொச்சம். ஓட்டக் கணக்கு வைக்கும் ஸ்ட்ராவா ஆப்பில் எண்ணைப் போட்டுவிட்டால் அதுவே கோடு வரைந்து காட்டும். வேகம் பற்றிக் கவலை இல்லை, வெயிலில் மெதுவாக ஓடிக்கொள்ளலாம். ஷூவை எப்போது மாற்றுவது என்றும் தெரிந்துவிடும் (500 முதல் 800 கிலோமீட்டர் வரை என்பது பொதுக் கணக்கு. ஷூ கம்பெனிக்காரன் என்பதால் நான் கணக்கைவிடக் குதிகாலின் வெளி ஓரம் தேய்வதைத்தான் பார்ப்பேன். கட்டைவிரலால் அழுத்தினால் மிட்சோல், அதாவது அடிப்பாகத்தின் நடு மெத்தை, திரும்பி எழுந்து வராமல் அப்படியே செத்துக் கிடந்தால் முடிந்தது.)

மார்ச் முடிவில் 410 கிலோமீட்டர். கணக்குக்கு மேலேயே 40 கைவசம். ரொம்பத் தெம்பாக இருந்தேன். அப்புறம் கத்திரி வந்தது, கூடவே ஒரு பெரிய ஷிப்மெண்ட். ஜூன் முடிவில் 560. இருந்திருக்க வேண்டியது 750.

மூன்று முறையையும் பிரித்துக் காட்டுவது என்னைப் பொறுத்தவரை இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எந்த இலக்கு வைத்தாலும் வருடத்தில் விட்டுப்போகிற வாரங்கள் வரத்தான் செய்யும். காய்ச்சல், கல்யாணம், கத்திரி, ஷிப்மெண்ட், அடைமழை. விட்டதை எப்படித் திருப்பிக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நேர இலக்கில் திருப்பிக் கட்டவே வழியில்லை, இரண்டு மூன்று வாரம் நின்றால் மூச்சு இறங்கிவிடும், மறுபடி ஏறி வர வேண்டும். கிலோமீட்டரில் கட்டலாம். எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். ஆபத்தே அதுதான்.

ஜூனில் மீதி 940 கிலோமீட்டர், 26 வாரம். வாரத்துக்கு 29 என்று ஆரம்பித்தது 36 ஆகிவிட்டது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை முக்கி முக்கி 33 ஓடினேன். அப்படியும் கடன் குறையவில்லை, அடுத்த மூன்று மாதத்துக்கு 39 கேட்டது. தினவட்டிக்கு வாங்கினவன் கதைதான். அக்டோபர், நவம்பரில் மழை. டிசம்பர் முதல் தேதி பார்த்தால் 31 நாளில் 260 கிலோமீட்டர் பாக்கி. வாரத்துக்குக் கிட்டத்தட்ட 59.

அந்த மாதம் நான் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இரவு பத்தரைக்குச் சாப்பிட்டுவிட்டு, 5.3 என்று காட்டியதை 6 ஆக்க எங்கள் தெருவில் மேலும் கீழும் ஓடினேன். நாய்கள் முதலில் குரைத்தன, அப்புறம் அவையும் பழகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காட்பாடிப் பாலம் தாண்டிப் போய்த் திரும்பி 22 கிலோமீட்டர். அடுத்த நாளே இன்னொரு 10. மூன்றாவது வாரம், காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்ததும் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. எழுந்து பத்து அடி வைத்தால் குறையும், மறுநாள் காலை மறுபடி அதே இடத்தில். குதிகால் வலி வந்தவர்களுக்கு அந்த முதல் அடி தெரியும். 1411-இல் வருடம் முடிந்தது. 89 குறைவு. அந்த 89-ஐ நினைத்து வருத்தப்பட்டேனே தவிர, குதிகாலை நினைத்து வருத்தப்படவில்லை. கிலோமீட்டர் இலக்கு ஆளை அப்படி ஆக்கிவிடும்.

இனி நாள் கணக்கு. வருடத்தில் 200 நாள், நாளுக்குக் குறைந்தது 30 நிமிடம். ஓட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சைக்கிள், ஸ்கிப்பிங், மலை ஏறுவது, மூச்சு வாங்க வைக்கிற எதுவும் சேர்த்தி. ஓடாத அந்த நாட்களுக்கும் வட்டம்தான். வாரத்துக்கு நான்கு நாள் என்றால் 208 வரும், ஆக எட்டு நாள் கைவசம்.

"இதிலும் விட்டால் கடன்தானே?" என்று என் மச்சினன் மடக்கினான். கடன்தான். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வட்டத்துக்கு மேல் போட முடியாது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓடினாலும் ஒரு வட்டம், அரை மணி நேரம் ஓடினாலும் ஒரு வட்டம். இரண்டு வாரம் விட்டுப்போனால் எட்டு நாள் கடன். அதை அடைக்க நிதானமான வழி, அடுத்த எட்டு வாரம் நான்குக்குப் பதில் ஐந்து நாள் போவது. வெறிகொண்டு ஒரே நாளில் அடைக்க நினைத்தாலும் முடியாது. குதிகாலைப் பணயம் வைக்கிற வாய்ப்பையே கணக்கு தருவதில்லை. கிலோமீட்டரில் எனக்கு இல்லாமல் போன கடிவாளம் இது.

முந்தின வருடத்துக் குதிகால் வலியோடுதான் இதை ஆரம்பித்தேன். ஜனவரி வட்டங்களில் பாதிக்கு மேல் சைக்கிள். கிலோமீட்டர் இலக்காக இருந்திருந்தால் அந்த மாதம் கிட்டத்தட்டப் பூஜ்யம், அடுத்து அதைத் துரத்துவது, அடுத்து மறுபடி வலி. மார்ச் முடிவில் 56 வட்டம். ஏப்ரலில் 15, கத்திரி மாதத்தில் 9. மே மாதக் கடைசியில் 80. இருந்திருக்க வேண்டியது 83. வேலூர் வெயில் காலம் முழுவதும் தாண்டி வெறும் மூன்று நாள் பின்தங்கல்! அந்த ஒன்பதில் நான்கு, மொட்டைமாடியில் ஐந்தரை மணிக்கு ஸ்கிப்பிங். அக்டோபரில் காய்ச்சல் பத்து நாளைத் தின்றது. டிசம்பரில் அவசரம் எதுவும் இல்லாமல் 203-இல் முடிந்தது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. முதலாவது, சோம்பலுக்கு இடம் கொடுக்கும். முப்பதாவது நிமிடம் வாட்ச் அடித்ததும் நின்றுவிடுகிற பழக்கம் எனக்கே வந்தது. இரண்டாவது, வேகம். இந்த முறையில் ஒரு வருடம் ஓடிவிட்டுப் போன அரை மாரத்தானில் 2 மணி 6 நிமிடம். ஒரு நிமிட லாபம். அதுவும் நாள் கணக்கால் வந்ததா, அன்றைக்கு வீசின காற்றால் வந்ததா என்று சத்தியம் பண்ண மாட்டேன். கல்லூரிப் பிள்ளைகள், மெடல் மீது கண் உள்ளவர்கள், 25 வயதுக்காரர்கள் நேர இலக்கையே வைத்துக்கொள்ளட்டும். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதில் எனக்கு அனுபவம் இல்லை. மடக்கிக் கேள்வி கேட்ட அந்த மச்சினன் குடியாத்தத்தில் இருக்கிறான், நெடுந்தூர சைக்கிள்காரன். அவர்களுக்கு வருட இலக்கைச் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது: 200 கிலோமீட்டர் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நவம்பரில் தொடங்கி அடுத்த அக்டோபருக்குள் நான்கையும் முடித்தால் சூப்பர் ராண்டனர் என்று பட்டம். வேகமாக வந்தவனுக்குத் தனிப் பரிசு கிடையாது, நேரத்துக்குள் வந்தால் போதும். "மாமா, இதுல ஜெயிக்கறது தோக்கறதுன்னு ஒண்ணும் இல்ல, போய்ச் சேரணும், அவ்ளோதான்" என்பான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் சைக்கிளில் 60 கிலோமீட்டர் தாண்டியதில்லை, ராத்திரியில் ஹைவேயில் ஓட்டியதும் இல்லை. அவனுடைய 400 கிலோமீட்டர் இரவன்று என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்காமல் கிடந்ததை மட்டும் பார்த்தேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நாள் கணக்கு ஏதோ என் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு அது பழைய விஷயம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அம்மாவுக்கு முட்டி நன்றாக இருந்த காலத்தில், ஒரு வருடம் ஒரு பௌர்ணமி விடாமல் திருவண்ணாமலை கிரிவலம் போவதாக வேண்டிக்கொண்டார். சாயங்காலம் பஸ் ஏறி, வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் நடந்து, விடியற்காலை வேலூர் திரும்பி, அப்படியே அடுப்பு பற்றவைப்பார். எத்தனை மணி நேரத்தில் சுற்றினாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. போன மாதத்தைவிட வேகமா என்று அவரும் பார்த்ததில்லை. மாசி மாதம் காய்ச்சலில் ஒன்று விட்டுப்போனது. அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு சுற்று சுற்றி ஈடுகட்டவில்லை. பன்னிரண்டு முடிந்த பிறகு பதின்மூன்றாவதாக ஒன்று போய்விட்டு வந்தார்.

இந்த வருடமும் 200 நாள்தான். முப்பது நிமிடத்தில் நிற்கிற சோம்பலுக்கு மருந்தாக, வாரத்தில் ஒரு வட்டம் மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு விதி சேர்த்திருக்கிறேன். அது வேலை செய்கிறதா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. போன மாதக் கடைசியில் பால் கணக்குப் பார்க்க அம்மா காலண்டரைக் கழற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். பெருக்கல் குறியை எண்ணினார், அப்புறம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வட்டங்களையும் விரல் வைத்து எண்ணினார்.

"பால்காரன் இருவத்தொம்போது நாளு வந்துகிறான். நீ பதினஞ்சு" என்றார்.