டென்னிஸ் சந்தாவோடு வந்த இலவச நீதிமன்றம்

கிராண்ட்ஸ்லாம் போட்டிகளுக்காக இந்த சீசனில் ஒரு ஸ்ட்ரீமிங் செயலிக்குச் சந்தா கட்டினேன். எது என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். படம் சுத்தமாக வந்தது, இரண்டு மூன்று தடவை செட்டை முடிவு செய்கிற டை-பிரேக் நேரமாகப் பார்த்து வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது, திட்டினேன், சரியானது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடலாம். நான் மதிப்பெண் போட வந்தது சந்தாவில் நாம் கேட்காமலே சேர்ந்து வரும் சரக்குக்கு, அதாவது வர்ணனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் வீரர்களின் வாய்க்கு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைப் பற்றி அவர்கள் பேசும்போது கொடுத்த காசு வீண் போகவில்லை. வலதுகைக்காரர் சர்வ் போட எறியும் பந்து தலைக்கு மேலே சற்று இடப்பக்கமாகப் போனால் தரையில் பட்டதும் உயர எழும்பும் கிக் சர்வ் வரப்போகிறது என்று ஒருவர் சொன்னார். இத்தனை வருடமாக டென்னிஸ் பார்க்கிற எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை, அடுத்த ஒரு மணி நேரம் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த எறிதலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் யாராவது ராக்கெட்டைத் தரையில் அடித்து நொறுக்கினால் போதும், பெட்டி நீதிமன்றமாகிவிடும். இவருக்கு மனப்பக்குவம் போதாது, அவருக்கு மரியாதை தெரியாது, எங்கள் காலத்தில் இப்படி உண்டா? அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, அவர்கள் காலம் எப்படி இருந்தது என்பதற்கு வீடியோவே இருக்கிறதே.

அமெரிக்காவின் முன்னாள் சாம்பியன் ஜிம்மி கானர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 அமெரிக்க ஓபன் அரையிறுதி, அப்போது அங்கே களிமண் தரை, பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். கானர்ஸ் அடித்த பந்து வெளியே போனது என்று எதிரே ஆடிய இத்தாலியர் பராசுட்டி சொல்கிறார், வந்து தடத்தைப் பாருங்கள் என்று நடுவரைக் கூப்பிடுகிறார். நடுவர் இறங்குவதற்குள் கானர்ஸ் வலையைச் சுற்றி ஓடிப்போய் எதிராளியின் பக்கத்தில் இருந்த அந்தத் தடத்தைக் காலால் தேய்த்து அழித்துவிட்டுத் திரும்பி வருகிறார். தடயத்தை அழிப்பது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோமே, அதை மனிதர் அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் செய்தார். பின்னாளில் அவரும் பிபிசி வர்ணனைக்கு வந்தார்.

இன்னொரு அமெரிக்க சாம்பியன் ஜான் மெக்கன்ரோ கதை எல்லோருக்கும் தெரியும், 1981 விம்பிள்டன் முதல் சுற்றில் நடுவரைப் பார்த்துக் கத்திய அந்த 'யூ கேனாட் பி சீரியஸ்' (விளையாடுகிறீர்களா என்கிற மாதிரி) இன்றைக்கும் விளம்பரத்துக்கு ஆகிறது. எனக்கு அதைவிட 1990 ஆஸ்திரேலிய ஓபன்தான் பிடிக்கும். ஸ்வீடனின் பெர்ன்ஃபோர்ஸுடன் நான்காவது சுற்று, செட் கணக்கில் மெக்கன்ரோதான் முன்னணி. கோட்டு நடுவராக இருந்த பெண்ணின் எதிரே போய் நின்று, ராக்கெட்டில் பந்தைத் தட்டியபடி முறைத்தார், எச்சரிக்கை. ராக்கெட்டை உடைத்தார், ஒரு புள்ளி போனது. அதிகாரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், போட்டியிலிருந்தே வெளியேற்றிவிட்டார்கள். நான்கு படியாக இருந்த தண்டனை அந்த வருடம் மூன்று படியாகக் குறைந்திருந்தது, அது தனக்குத் தெரியாது என்றார். அதாவது இன்னும் ஒரு தடவை திட்டலாம் என்று கணக்கு வைத்திருந்திருக்கிறார்!

ஆனாலும் மெக்கன்ரோ பெட்டியில் இருந்தால் நான் சத்தத்தைக் கூட்டி வைத்துத்தான் கேட்கிறேன். வலைக்கு அருகே நடப்பதை அவரைப் போலப் படித்துச் சொல்கிறவர்கள் குறைவு, அதோடு தன் பழைய கேஸ் கட்டை அவர் ஒளித்து வைப்பதில்லை, அதை வைத்தே ஜோக் அடிப்பார். அவர் சறுக்குவது வேறு இடத்தில். 2021 விம்பிள்டனில் 18 வயது எம்மா ரடுகானு நான்காவது சுற்றில் மூச்சு விடச் சிரமப்பட்டு பாதியில் விலகினார். சூழ்நிலையின் பாரம் அந்தப் பெண்ணுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது என்ற தோரணையில் மெக்கன்ரோ பிபிசியில் பேசினார், கண்டனம் குவிந்தது. அதே பெண் இரண்டே மாதத்தில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி வந்து, ஒரு செட்கூட இழக்காமல் அமெரிக்க ஓபனை வென்றார். ஆஸ்திரேலியாவின் முன்னாள் வீரர் பேட் கேஷும் 2007இல் இதே குழியில் விழுந்தவர்தான். செரீனா கதை முடிந்தது என்கிற ரீதியில் எழுதினார், தரவரிசையில் 81ஆம் இடத்தில் இருந்த செரீனா அந்த ஆஸ்திரேலிய ஓபனை வென்று, இறுதியில் ஷரபோவாவை 6-1, 6-2 என்று சுருட்டினார். பந்து எங்கே விழும் என்று இவர்களுக்குத் தெரியும், இன்னொருவர் மனதுக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கும் உங்களுக்கும் தெரிகிற அளவுதான் தெரியும்.

அப்படியானால் களத்தில் தங்கமாக நடந்துகொண்டவரை உட்கார வைத்தால் சரியாகிவிடுமா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஸ்வீடனின் மேட்ஸ் விலாண்டர் அந்த நினைப்பைக் கெடுத்துவிட்டார். 1982 பிரெஞ்சு ஓபன் அரையிறுதி, அவருக்கு வயது 17. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம் என்கிற மேட்ச் பாயின்டில் அர்ஜென்டினாவின் கிளெர்க் அடித்த பந்து வெளியே என்று அறிவிக்கிறார்கள், விலாண்டர் ஜெயித்தாயிற்று. அந்தப் பையன் நடுவரிடம் போய், பந்து உள்ளேதான் விழுந்தது, இப்படி ஜெயிக்க எனக்கு மனசில்லை என்று சொல்லி, அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடி ஜெயித்தான், பிறகு கோப்பையையும் வாங்கினான். பெருந்தன்மைக்கு இதைவிட என்ன வேண்டும்? அதே ஆள் 2006இல், அதே பிரெஞ்சு ஓபன் இறுதியில் ஃபெடரர் நடாலிடம் தோற்றதும், நடாலைக் கண்டால் ஃபெடரருக்கு ஒரு உறுப்பு சுருங்கிவிடுகிறது என்று பேட்டி கொடுத்தார். எந்த உறுப்பு என்று நான் எழுதத் தேவையில்லை. கையில் நேர்மையும் நாக்கில் முள்ளும் ஒரே உடம்பில் இருக்கலாம்.

அமெரிக்காவின் ஆண்டி ராடிக்கும் அப்படி ஒரு கலவைதான். 2005 ரோம் போட்டி, ஸ்பெயினின் வெர்டாஸ்கோவுக்கு எதிராக முதல் செட் கையில், இரண்டாவதில் 5-3, மூன்று மேட்ச் பாயின்ட். வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வ் வெளியே என்று குரல் வருகிறது, கை குலுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ராடிக் களிமண்ணில் இருந்த தடத்தைக் காட்டி, இல்லை, உள்ளேதான் என்று புள்ளியைத் திருப்பிக் கொடுத்தார், கடைசியில் ஆட்டத்தையே தோற்றார். (கானர்ஸின் ஷூவையும் இந்தத் தடத்தையும் ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.) சரி, இவர் சாது என்று முடிவு கட்ட முடியுமா? 2008 ஆஸ்திரேலிய ஓபனில், பிள்ளைகளே ஒழுங்காகப் படியுங்கள், இல்லாவிட்டால் நடுவராகத்தான் போக வேண்டும் என்று நாற்காலியில் இருந்த நடுவரைக் கூட்டத்துக்கு முன் கேவலப்படுத்தியவரும் இவரே.

ஆக, யாருக்கு நற்சான்றிதழ் இருக்கிறது என்று பார்த்து ஆள் பிடிப்பதில் அர்த்தமில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான், தீர்ப்புச் சொல்கிறவர் காரணமும் சொல்கிறாரா? 2018 அமெரிக்க ஓபன் இறுதியில் செரீனாவுக்கு நடுவர் ராமோஸ் முதலில் எச்சரிக்கை, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் ஒரு கேம் என்று தண்டனை கொடுத்தபோது, முன்னாள் சாம்பியன்கள் மார்ட்டினா நவ்ராத்திலோவாவும் பில்லி ஜீன் கிங்கும் ஆளுக்கொரு பத்திரிகையில் எழுதினார்கள். ஆண்களுக்கு ஒரு நியாயம் பெண்களுக்கு ஒரு நியாயம் என்றார் கிங். அப்படியே இருந்தாலும் மற்றவன் தப்பித்தான் என்பதை வைத்து நம் நடத்தையை அளக்கக் கூடாது என்றார் நவ்ராத்திலோவா. நான் கிங் பக்கம் சாய்ந்திருந்தேன், நவ்ராத்திலோவாவைப் படித்ததும் பாதி தூரம் அவர் பக்கம் வந்துவிட்டேன். இரண்டு பேருமே வாய் நீண்டவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள்தான், ஆனால் அந்த வாயில் சரக்கு இருந்தது. செயலியின் ஸ்டுடியோவில் எனக்குக் கிடைத்ததோ, ராக்கெட் உடைவதை ஐந்து கோணத்தில் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு நான்கு பேர் உச்சுக் கொட்டுவது.

ஆட்ட நுணுக்கத்துக்கு ஐந்தில் நாலரை, குணச்சித்திர விமர்சனத்துக்கு ஒன்றரை. சந்தாவைப் புதுப்பிப்பேன். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு உபயோகமான தகவல்: அமைப்புகளுக்குள் மூன்று தட்டு தட்டி உள்ளே போனால் ஆடியோ என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் வர்ணனை இல்லாமல் களத்துச் சத்தம் மட்டும் கேட்க வழி உண்டு. யாராவது ராக்கெட்டை ஓங்குவது தெரிந்ததும் நான் அதற்கு மாறிவிடுகிறேன், அடுத்த சர்வுக்குள் திரும்பி வந்துவிடலாம்.