லேப்டாப்பை ஃபார்மட் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

திருநெல்வேலிப் பக்கம் லேப்டாப்பில் விண்டோஸைப் புதிதாகப் போடக் கொடுப்பவர்கள், எந்த டிரைவை (சி, டி என்று பிரித்திருக்கும் சேமிப்பிடத்தை) அழிப்பார்கள், எந்த லைசென்ஸைப் போடுவார்கள் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.

என் மைனி அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 போடச் சொல்லி வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்தோம். டி டிரைவைத் தொடக் கூடாது என்று மைனி சொன்னார். “சி டிரைவை மட்டும்தான் அழிப்போம், கவலைப்படாதீர்கள் அக்கா” என்று சொல்லி, ரசீதிலும் எழுதினார்கள். ‘ஒரிஜினல் லைசென்ஸ்’ என்று 2,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள்.

திரும்பி வந்த லேப்டாப்பில் டி டிரைவே இல்லை. ஆண்டுக்கணக்கில் மைனி உருவாக்கிய ரவிக்கை டிசைன்கள் அத்தனையும் போய்விட்டன. கேட்டால், வைரஸ் இருந்ததாம். அழிக்கும் முன் ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? அந்த லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் புது வகை டிஸ்க். ஃபார்மட் செய்ததும் அழிந்த இடத்தை அது தானே உள்ளுக்குள் துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போல மீட்டெடுக்க வழி கிடைப்பது அரிது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

லைசென்ஸிலும் மோசடி. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால், ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்று ஆங்கிலத்தில் காட்டியது. பெரிய அலுவலகங்களுக்காக உள்ள முறை அது. 180 நாளுக்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு லேப்டாப்பில் அந்த வரி தெரிந்தால் கிராக் (லைசென்ஸ் இல்லாமல் ஏமாற்றி ஆக்டிவேட் செய்த திருட்டு விண்டோஸ்) என்றே சந்தேகப்படுங்கள். விண்டோஸுடனேயே வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடாமலிருக்க, சி டிரைவ் முழுவதையும் வைரஸ் சோதனையிலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். மைனி வங்கிக் கணக்கைத் திறப்பதும் அதே லேப்டாப்பில்தான்!

இதில் வயிறு எரிவது இதற்குத்தான்: அந்தப் பணமே தேவையில்லை. விண்டோஸுடன் வாங்கிய லேப்டாப்களில், விண்டோஸ் 8 காலம் முதல், லைசென்ஸ் கீ (ஆக்டிவேட் செய்யும் குறியீடு) பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். வாங்கும்போது இருந்தது விண்டோஸ் ஹோம் என்றால் ஹோம், அதே எடிஷனைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் தளத்தில் இன்ஸ்டாலர் இலவசம். 8 ஜிபி பென் டிரைவ் போதும்.

பணத்தைத் திருப்பித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. ‘சி டிரைவ் மட்டும்’ என்று அவர்கள் கையாலேயே எழுதிய ரசீது எங்களிடம் இருக்கிறது.