சர்வாதிகார ஆட்சியின் பள்ளியை அறிய: செய்திச்சுருளா, பாடநூலா?

தருமபுரியில் பி.எட். பயிலும் மாணவர் ஒருவர் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்கால (1939–1975) ஸ்பெயினின் பள்ளிக்கல்வியை ஆராய விரும்பினால், அவர் முன் முதலில் நிற்பவை இரண்டு சான்றுகள்: நோ-டோ என்னும் அரசுச் செய்திச்சுருள் (நியூஸ்ரீல்), அக்காலப் பாடநூல்.

1942இல் நிறுவப்பட்ட நோ-டோ, 1943 ஜனவரியில் திரைக்கு வந்தது. 1975 வரை திரையரங்குகள் படத்துக்கு முன் அதைக் காட்டியே தீரவேண்டியிருந்தது. டூரிங் டாக்கீஸில் ஃபிலிம்ஸ் டிவிஷன் நியூஸ்ரீல் பார்த்த நம் பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. எனினும் ஸ்பெயினில் போட்டிச் செய்திச்சுருள் எதற்கும் இடமிருக்கவில்லை. இன்று அதன் தொகுப்பை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம் என்பதும், மொழி தெரியாமலே காட்சியைக் கவனிக்கலாம் என்பதும் நம் மாணவருக்குப் பெரிய வசதிகள்.

ஆனால் காட்சிகளில் பெரும்பங்கு திறப்புவிழா, அணிவகுப்பு, உடற்பயிற்சிக் காட்சி ஆகியவையே. அன்றாட வகுப்பு அரிது. பாலக்கோட்டுப் பள்ளி ஒன்றின் ஆண்டுவிழா வீடியோவை மட்டும் பார்த்து அங்கே கணக்கு எப்படி நடத்தப்படுகிறது என்று சொல்ல முடியுமா? அதோடு, பெரும்பாலும் வர்ணனையாளர் குரலும் இசையுமே ஒலிப்பதால் குழந்தைகளின் பேச்சு நமக்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு துண்டையும் முதலில் ஒலியை நிறுத்திப் பார்த்து, கண்டதை எழுதிவைத்த பிறகே வர்ணனையைக் கேட்பது நல்லது; படம் காட்டாத எதையெல்லாம் குரல் சேர்க்கிறது என்பது அப்போதுதான் புலப்படும்.

பாடநூல் இந்த இடைவெளியில் ஒரு பகுதியை நிரப்புகிறது. கத்தோலிக்க நெறியையும் தேசிய உணர்வையும் தொடக்கக்கல்வியின் அடித்தளமாக்கி, ஆண், பெண் பிள்ளைகளைத் தனித்தனியே பயிற்றச் சொன்ன 1945ஆம் ஆண்டுச் சட்டம் எந்தப் பாடமாக மாறியது என்பதை அது வரிவரியாகக் காட்டும். அதை ஆசிரியர் எப்படி நடத்தினார், பிள்ளை நம்பியதா என்பவை அதிலும் இல்லை. ஸ்பானிய மொழியோ நல்ல மொழிபெயர்ப்போ இன்றி அதை நெருங்கவும் முடியாது.

என் கணிப்பில், கேள்வி எழுப்பச் செய்திச்சுருளே சிறந்தது. பாடத்திட்டம் பற்றி முடிவு சொல்லப் பாடநூலே தேவை. ஆட்சி தன் பள்ளியை எப்படிப் பார்க்கச் சொன்னது என்பதே ஆய்வுப்பொருள் என்றால் மட்டும் நோ-டோவே முதன்மைச் சான்றாகும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை எனக்கு மிகுந்த கவலை தருகிறது. பிராங்கோ தரப்பு உள்நாட்டுப் போரில் எதிர்த்த குடியரசு அரசின் ஆதரவாளர்கள் எனக் கருதப்பட்ட ஆசிரியர்களை விசாரித்து நீக்கும் பணி, போர் தொடங்கிய 1936இலேயே அத்தரப்பின் பகுதிகளில் தொடங்கிவிட்டது. நோ-டோ பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. திரையில் தோன்றும் ஆசிரியர்கள் அந்த வடிகட்டலுக்குப் பின் பணியில் இருந்தவர்கள். நீக்கப்பட்டவர்கள் செய்திச்சுருளிலும் இல்லை, பாடநூலிலும் இல்லை; அவர்களைப் பற்றி அறிய, அந்த விசாரணைக் கோப்புகளை வைத்திருக்கும் அல்கலா தே எனாரஸ் நகரிலுள்ள ஸ்பெயின் அரசின் ஆவணக்காப்பகத்தையே நாடவேண்டும்.