முன்சக்கரங்களுக்கு அகலமான ரிம்மும் டயரும்: ஓட்டிப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

முன்சக்கர இயக்கம் கொண்ட ஒரு எஸ்யூவியின் முன்புறத்தில் மட்டும் அகலமான அலாய் ரிம்களையும் டயர்களையும் மாட்டி, காய்ந்த சாலையிலும் மழையிலும் போதுமான அளவு ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். வண்டியோடு வந்தவை 7 அங்குல அகலமும் 45 மி.மீ. ஆஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி அமர்கிறது என்ற அளவு; கீழே விளக்குகிறேன்) உள்ள ரிம்கள். அவற்றில் 235/65 ஆர்17 டயர்கள் இருந்தன; அதாவது அகலம் 235 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 17 அங்குலம். இப்போது முன்னால் இருப்பவை 8 அங்குல அகலமும் 35 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்ட ரிம்கள். டயர் 255/60 ஆர்17. கிடைத்த நன்மை டயரின் அகலத்தால் வந்தது. கூடவே வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை ஆஃப்செட்டால் வந்தவை. வாங்க நினைப்பவர்கள் அகலத்தைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு ஆஃப்செட்டைப் பற்றிக் கேட்பதில்லை என்பதால் அதையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் டயர் அளவு. 235/65 ஆர்17 டயரின் மொத்த விட்டம் கணக்குப்படி 737.3 மி.மீ.; 255/60 ஆர்17 டயருக்கு அது 737.8 மி.மீ. அகலம் கூடும்போது பக்கச் சுவரின் விகிதம் 65-இலிருந்து 60 ஆகக் குறைவதால் உயரம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. முன்னும் பின்னும் வெவ்வேறு அகலத்தில் டயர் பொருத்தும் தயாரிப்பாளர்களும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றுகிறார்கள். போர்ஷே மக்கான் எஸ்யூவியில் முன்னால் 235/60 ஆர்18, பின்னால் 255/55 ஆர்18 வந்ததுண்டு. இரண்டின் விட்டத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.தான். ஆனால் அங்கே அகலம் கூடுவது பின்சக்கரத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கான காரணத்துக்குப் பின்னர் வருகிறேன்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பின் (சக்கரத்தை நட்டுகளால் பூட்டும் மையப்பகுதி) மீது அமரும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம். டயர் 20 மி.மீ. அகலமானால் உள்ளே 10, வெளியே 10 என்று இரு பக்கமும் சமமாக வளரும். அதோடு ஆஃப்செட்டும் 10 மி.மீ. குறைந்தால் சக்கரம் முழுவதும் வெளியே நகர்கிறது. ஆகவே உட்பக்கம் டயர் முன்பிருந்த இடத்திலேயே நிற்க, 20 மி.மீ. முழுவதும் வெளிப்பக்கம் சேர்கிறது. டயரின் உட்சுவருக்கும் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங் தட்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி பழையபடியே இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தேன். பழைய ஆஃப்செட்டையே வைத்திருந்தால் அந்த இடைவெளியில் 10 மி.மீ. குறைந்திருக்கும்.

வெளிப்பக்கத்தில் அந்த நிம்மதி இல்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்துப் பின்னோக்கி வரும்போது, வீல் ஆர்ச்சின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையில் டயரின் தோள் உரசும் சத்தம் தெளிவாகக் கேட்டது. சக்கரத்தைத் திருப்பி வைத்து உள்ளே பார்த்தபோது, மட்ஃபிளாப்புக்குச் சற்று மேலே, புழுதி படிந்த உறையில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் தேய்ந்து பளபளத்தது. உறையைச் சற்றே பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியதும் உரசல் நின்றுவிட்டது. ஆனால் நான்கைந்து பேர் ஏறி, மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்க்காமல் இந்தச் சோதனை முடிவதில்லை; காலி வண்டியில், சமதளத்தில் உரசவில்லை என்பது போதாது. டயர், வண்டியின் உடல் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படி நீட்டும் டயர் சிறு கற்களையும் சேற்றையும் கதவின் அடிப்பகுதிமீது வாரி இறைக்கவும் செய்யும்.

ஓட்டத்தில் தெரிந்த மாற்றத்துக்கு வருவோம். காய்ந்த சாலையில் வளைவுக்குள் நுழையும்போது முன்புறம் சொன்னபடி கேட்கிறது. ரிம் அகலமானதால் டயர் குறைவாக நெளிகிறது. அகலமான டயர் என்றால் சாலையைத் தொடும் பரப்பு அதே விகிதத்தில் பெருகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தப் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்பவை சக்கரத்தின் மீதுள்ள எடையும் டயரில் உள்ள காற்றழுத்தமுமே. அகலம் கூடும்போது அந்தப் பரப்பு குட்டையாகி அகலமாகிறது, அவ்வளவுதான். வளைவில் அந்த வடிவம் உதவுகிறது. தேங்கிய நீரில் அதுவே பாதகமாகிறது, ஏனெனில் டயர் வழியிலிருந்து விலக்க வேண்டிய நீரின் அகலம் கூடுவதால் முன்சக்கரம் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைகிறது. மழையில் முன்பு ஓட்டிய வேகத்தை நான் குறைத்துக்கொண்டேன். சாலையின் நீளவாக்கில் பள்ளக்கோடுகள் விழுந்திருந்தால் ஸ்டீயரிங் அவற்றின் போக்கில் இழுப்பதும், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போது கைக்கு உதைப்பு வருவதும் ஆஃப்செட் குறைந்ததன் விலை: டயரின் நடுக்கோடு, சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து 10 மி.மீ. வெளியே போய்விட்டது.

என் முக்கியமான தயக்கம் முன்புறத்தில் மட்டும் அகலப்படுத்துவதைப் பற்றியது. உயரமான வண்டியில், பிடிப்பின் எல்லையைத் தொடும்போது முன்சக்கரங்களே முதலில் வழுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அமைக்கிறார்கள். ஓட்டுநர் இயல்பாக வேகத்தைக் குறைத்தாலே வண்டி கட்டுக்குள் வந்துவிடும். முன்னால் பிடிப்பைக் கூட்டிப் பின்னால் அப்படியே விட்டால், பின்புறம் முதலில் விலகும் வாய்ப்பு அதிகரிக்கிறது. மக்கானில் பின்டயர் அகலமாக இருப்பது பின்புறத்தின் நிலைத்தன்மைக்கும் துணையாகிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அளவு எழுத்தில் ஒத்திருந்தாலும், முன்டயருக்கும் பின்டயருக்கும் உண்மையான சுற்றளவு மாறுபட்டால் முன், பின் அச்சுகளை இணைக்கும் நடு இணைப்பு ஓயாமல் உழைத்துச் சூடேறும். அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த மாற்றத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

பொருத்தும் வேலையில் பார்க்க வேண்டியவை சில. புதிய ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் வளையம் வேண்டும்; நட்டின் இருக்கை கூம்பா, உருண்டையா என்பது ரிம்மோடு பொருந்த வேண்டும்; புதிய டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது. 104 என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ, 106 என்றால் 950 கிலோ. மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட் பார்ப்பதும், சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மீண்டும் சரிபார்ப்பதும் அவசியம். காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டுச் சற்று தூரம் உருட்டினால் நடுவில் அழிகிறதா ஓரத்தில் அழிகிறதா என்று தெரிந்துவிடும்; நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு.

இவ்வளவுக்கும் பிறகு, ரிம்மும் டயரும் தரத்தில் குறை சொல்ல முடியாதவை. பேலன்சிங் கெடவில்லை, அதிர்வு இல்லை. ஆனால் முன்டயரைப் பின்னுக்கு மாற்றிச் சுழற்ற இப்போது வழியில்லை, முன்சக்கரம் பஞ்சரானால் ஸ்டெப்னியாக இருப்பதும் பழைய அகலத்து டயர்தான். ஆகவே பின்டயர்கள் தேயும்வரை காத்திராமல், அதே ரிம்மையும் அதே 255 டயரையும் பின்னாலும் வாங்கிப் போடுவதாக இருக்கிறேன். ஸ்டெப்னி மட்டும் பழையபடியே இருக்கும்.