மாயூரம் வேதநாயகம் பிள்ளை கீர்த்தனை புக், வாங்கலாமா வேணாமா?

வேதநாயகம் பிள்ளைனாலே தமிழ்ல முதல் நாவல் எழுதினவருன்னு ஒரு வரி சொல்லிட்டு அதோட முடிச்சிருவாங்க, இந்த புக்ல அவரு வாழ்க்கையும் கீர்த்தனையும் சேத்து ஒரே வால்யூமா போட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டதும் ஆர்டர் போட்டுட்டேன். 350 ரூபா. பதிப்பகம் பேரு சொல்லல, சின்ன ஆளுங்க, விளம்பரம்லாம் இல்லாம செஞ்சிருக்காங்க. ஆனா காசு குடுத்து வாங்குறவங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்ல.

முதல் பாதி வாழ்க்கை வரலாறு, அது உண்மையிலேயே நல்லா இருக்கு. 1826ல திருச்சி பக்கம் குளத்தூர்ல பொறந்தது, கோர்ட்ல ரெக்கார்டு கீப்பரா சேந்து மொழிபெயர்ப்பாளராகி அப்புறம் தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் (இப்ப மயிலாடுதுறை)னு முன்சீப்பா, அதாவது கீழ்கோர்ட் நீதிபதியா இருந்தது எல்லாம் சுருக்கமா ஓடிருது. 1805லேந்து 1861 வரைக்கும் வந்த மேல்கோர்ட் தீர்ப்புகள தமிழ்ல சுருக்கிப் போட்டாரே, சித்தாந்த சங்கிரகம், 1862, அதுக்கு ஒரு தனி அத்தியாயம் குடுத்திருக்காங்க பாருங்க, அங்கதான் எழுதினவருக்கு விஷயம் தெரியும்னு எனக்குப் பட்டுச்சு. கேஸ் போட்டவன் தோத்தானா ஜெயிச்சானான்னு தெரிஞ்சுக்கவே இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தன் கால்ல விழணும்ங்கற காலத்துல இது சின்ன வேலை இல்ல.

தாது வருஷப் பஞ்சம் வர்ற பக்கங்கள ரெண்டு தடவ படிச்சேன். 1876லேந்து 78 வரைக்கும் மழை இல்லாம ஜனங்க கொத்துக் கொத்தா செத்தப்ப இவரு தன் கைக்காசப் போட்டு மாயவரத்துல கஞ்சித்தொட்டி வச்சு ஊத்தியிருக்காரு, திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரும் அந்தப் பஞ்சத்துல அள்ளிக் குடுத்தவரு, இந்த கத்தோலிக்கரு அந்த சைவ மடத்துத் தலைவர் மேல பாட்டே பாடியிருக்காரு. அதே மாதிரி இவரு மேல ‘நீயே புருஷ மேரு’ன்னு பாடினது யாரு தெரியுமா, நந்தனார் சரித்திரம் பாடின கோபாலகிருஷ்ண பாரதி! அவரும் மாயவரத்துலயே இருந்தவருதான். பின்னாடி முனிசிபாலிட்டி சேர்மன் ஆனது கூட புக்ல வருது, ஆனா அரைப் பக்கம்தான். ஊருக்காக இவ்வளவு அலைஞ்ச மனுஷனுக்கு அரைப் பக்கம்லாம் ரொம்பக் கஞ்சத்தனம்.

சரி, பாட்டுக்கு வருவோம். என் கோவமே இங்கதான். சர்வ சமய சமரச கீர்த்தனை 1878ல வந்துச்சு, அதாவது பஞ்சத்தோட சூடு ஆறுறதுக்குள்ள. எந்த மதத்துக்காரனும் பாடலாம்ங்கற மாதிரி பொதுவா கடவுளக் கூப்புடுற பாட்டு ஒரு பக்கம், வீட்ல எப்படி இருக்கணும் வேலைல எப்படி இருக்கணும்னு புத்தி சொல்ற பாட்டு இன்னொரு பக்கம். இவங்க ‘தேர்ந்தெடுத்த கீர்த்தனைகள்’னு சொல்லி ரெண்டாவத கிட்டத்தட்ட மொத்தமா வெட்டிட்டாங்க! கச்சேரில கேட்டுப் பழகின ‘நாயகர் பட்சமடி’ கூட இல்ல. பூராவும் ‘தயை செய்’, ‘கதி நீயே’ வகைதான். முன்னுரைல ‘பக்தி மணம் கமழும்’ அப்படின்னு ஒரு வரி இருக்கு, அதப் படிச்சப்பவே சந்தேகம் வந்துச்சு. கோர்ட்ல உக்காந்து நாள் பூரா பொய் சாட்சியும் குடும்பச் சண்டையும் கேட்ட ஆளு, தான் எழுதின நீதிநூல்ல கைக்கூலிக்குன்னே தனி அதிகாரம் வச்சவரு, 1869லயே பொண்ணுங்க படிக்கணும்னு பெண்மதி மாலை எழுதினவரு, அந்த ஆளோட புக்லேந்து ஊரையும் வீட்டையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கறது வேற யாரோ ஒரு பக்தர். முதல் பாதில முன்சீப்பக் காட்டிட்டு ரெண்டாம் பாதில அவர ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கு. பக்கம் போதலைன்னா போட்டோவக் குறைச்சிருக்கலாமே, பழைய கட்டடம் போட்டோவே எட்டு பக்கம்.

பாடணும்னு வாங்குறவங்களுக்கு இன்னொரு விஷயம். ராகம் தாளம் மேல போட்டிருக்காங்க, ஸ்வரம் கிடையாது, அது பரவால்ல, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம். ஆனா பல்லவி ஒரு பக்கத்தோட அடில, அனுபல்லவி திருப்பினாதான் வரும், சரணம் முடிஞ்சு திரும்பப் பல்லவிக்கு வரணும்னா மறுபடி பின்னாடி திருப்பு. பசை வச்ச பைண்டிங் வேற, ஹார்மோனியம் மேல விரிச்சு வச்சா தானா மூடிக்குது. எங்க செட்டுல ஒருத்தர் துணி கிளிப் போட்டுத்தான் பாடினாரு. ஒரு பாட்டுல ஆதி தாளம் ‘ஆசி’ தாளமாயிருக்கு, ஸ்கேன் பண்ணி அப்படியே போட்டுட்டாங்க போல, இது மாதிரி அங்கங்க இருக்கு. பாட்டு முதல் வரி அகராதி பின்னாடி இல்லவே இல்ல, வேணுங்கற பாட்டத் தேடறதுக்குள்ள சுருதிப் பெட்டி சார்ஜே தீந்துரும்.

பின் அட்டையப் பாத்துத்தான் சிரிப்பு வந்துச்சு. ‘பெத்லகேம் குறவஞ்சி பாடிய’ன்னு போட்டிருக்காங்க. அது தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார்ங்க, சரபோஜி மகாராஜா காலத்து ஆளு, புராட்டஸ்டண்ட், 1864லயே காலமாயிட்டாரு. இவரு 1889 வரைக்கும் இருந்தவரு. உள்ள எழுதினவரு இத விட்டிருக்க மாட்டாரு, அட்டைய வேற யாரோ அவசரத்துல பண்ணியிருக்கணும்.

பேப்பர் நல்ல பேப்பர், எழுத்து பெருசா இருக்கறதால வயசானவங்க கண்ணாடி இல்லாம படிப்பாங்க, பேக்கிங்கும் ஒழுங்கா வந்துச்சு. வரலாறுக்கு அஞ்சுக்கு நாலு, பாட்டுப் பகுதிக்கு ரெண்டு, அதுவும் எழுத்து பெருசுங்கறதுக்காக. சரித்திரம் படிக்கிறவங்க தாராளமா வாங்குங்க. பாடறவங்க இத வாங்காதீங்க, பழைய புக்கு கடைலயோ லைப்ரரிலயோ முழு கீர்த்தனை புக்கு பழைய பதிப்பு கிடைச்சா அதை ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கங்க, விரிச்சு வச்சா விரிஞ்சே இருக்கும்.