முதுமைக்கென்று கட்டிய வீட்டில் ஒன்பது வருடம்

இந்த வீட்டுக்கு வரைபடம் போட்டபோது எனக்கு 57 வயது. இனி வீடு மாறுவதில்லை, கடைசிவரை இங்கேதான் என்று நானும் மனைவியும் முடிவெடுத்துக் கட்டினோம். மின்சாரமும் தண்ணீரும் குறைவாகச் செலவாக வேண்டும். வயதான பிறகும் யாரையும் எதிர்பார்க்காமல் வாழ முடிய வேண்டும். இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று மோதும் என்று அப்போது தோன்றவே இல்லை.

மோதிய இடம் கூரை. சோலார் பேனல், சோலார் வாட்டர் ஹீட்டர், மழைநீர் வடிகட்டி என்று சிக்கனம் தரும் எல்லாவற்றையும் மேலே வைத்துவிட்டோம். முதல் சில வருடங்கள் நானே ஏணியில் ஏறிப் பேனலைக் கழுவுவேன், வடிகட்டியில் சேர்ந்த இலைகளை அள்ளுவேன். அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. ஏழாம் வருடம் ஏணியில் கால் வழுக்கியது. விழவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஏறவும் இல்லை. அடுத்த மழைக்காலத்தில் வடிகட்டி அடைத்துக்கொண்டு, தொட்டிக்கு வரவேண்டிய நீர் முழுக்க வெளியே வழிந்து போனது.

இப்போது வடிகட்டியைக் கீழே கொண்டுவந்துவிட்டோம். கூரையிலிருந்து இறங்கும் குழாயில், என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முதல் மழையின் அழுக்கு நீரைப் பிரித்துவிடும் குழாய்க்கும் கைக்கு எட்டும் இடத்தில் திருகு மூடி. நின்றபடியே ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. பேனல்களில் பாதியை வண்டி நிறுத்தும் தாழ்வான கொட்டகையின் மேல் மாற்றினோம்; நீளக் கைப்பிடித் தூரிகையால் தரையில் நின்றே கழுவலாம். தாழ்வாக வைத்தால் நிழல் விழும், அதைக் கவனிக்க வேண்டும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் பட்டாலும் மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். பேனல் பழையதாவதால் வருடத்துக்கு அரை சதவீதம் அளவில்தான் திறன் குறையும். கழுவாமல் விட்டபோது தூசியால் நான் இழந்தது அதைவிட அதிகம். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டரை மட்டும் 10 முதல் 15 வருடத்தில் மாற்ற வேண்டிவரும். ஓய்வுக்கால வருமானத்தில் அது திடீர்ச் செலவாக வந்து நிற்கக் கூடாது என்று இப்போதே பணம் ஒதுக்கி வருகிறோம்.

வாட்டர் ஹீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நல்ல வெயிலில் அதில் நீர் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் சில நொடிகளே போதும், தோல் வெந்துவிடும். வயதான தோல் மெல்லியது, சூடு உறைக்கவும் தாமதமாகும். குளிர்ந்த நீரைத் தானாகக் கலந்துவிடும் வால்வு ஒன்றை முதல் நாளிலேயே பொருத்தியிருக்க வேண்டும். நாங்கள் நான்காம் வருடம்தான் பொருத்தினோம்.

சரி, குளியலறைக்கு வருகிறேன். வீட்டில் மிகச் சரியாகச் செய்தது இதைத்தான். வாசலில் படி கிடையாது. ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் கொடுத்ததால் தண்ணீர் தானாக ஓடிவிடுகிறது. கதவு அகலம் 90 செ.மீ., வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே யாராவது விழுந்துவிட்டால் கதவை அவர்கள் உடம்பு அடைத்துக்கொள்ளாது. டைல்ஸுக்குப் பின்னால் தடித்த பிளைவுட் வைத்துக் கட்டியிருந்தோம். ஆறாம் வருடம் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது, சுவரை உடைக்காமல் ஒரே காலையில் கைப்பிடிக் கம்பிகள் ஏறிவிட்டன. அன்று எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

வெளிச்சத்தில் தவறு செய்தோம். சிக்கனம் என்று அறைக்கு ஒரு விளக்கு வைத்தோம். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். எல்.இ.டி. விளக்கு இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அதில் கஞ்சத்தனம் தேவையில்லை. படுக்கையிலிருந்து கழிவறை வரை தரையோரமாக மங்கிய மஞ்சள் விளக்குகள் இப்போது இரவு முழுக்க எரிகின்றன.

மேற்குச் சுவருக்கு நிழலும் கூரைக்கு வெப்பத்தடுப்பும் கொடுத்தது நன்றாகவே பலித்தது. சூடான காற்று வெளியேற உயரத்தில் வைத்த சிறிய சன்னல்கள்தான் எட்டவில்லை, பல மாதம் மூடியே கிடந்தன. கீழிருந்து சுற்றித் திறக்கும் கம்பியைப் பொருத்திய பிறகு தினமும் திறக்கிறோம்.

பாக்கி இருப்பது பின்வாசல். மழைநீர் உள்ளே வராமலிருக்க அங்கே 4 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு விட்டிருந்தோம். வாக்கரோடு நடந்த எட்டு வாரமும் மனைவி அந்தத் தடுப்பைத் தாண்டித் தோட்டத்துக்குப் போகவில்லை. சன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை உடைத்துத் தரையைச் சமமாக்கி, வாசலுக்கு வெளியே கம்பி மூடி போட்ட நீள வடிகால் அமைக்கப் போகிறோம். அளவெடுத்தாகிவிட்டது, கொத்தனார் வரவேண்டியதுதான்.