பல ஏ.ஐ. ஏஜென்ட் சேவை: திருப்பூர் காஸ்டிங் (ஒரு பீஸ் விலையைக் கணக்கிடும்) வேலைக்கு மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தது

பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரிடம் ஆர்டர் பேசி முடிக்கிறவராக இருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே ஏ.ஐ.யிடம் கேட்காமல், நாலைந்து ஏஜென்ட்டுகளுக்கு (கொடுத்த வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏ.ஐ.கள்) வேலையைப் பிரித்துக் கொடுத்து, அவற்றை மேய்க்க மேலே ஒரு தலைமை ஏஜென்ட்டை வைக்கிற ஒரு சேவைக்கு மூன்று மாதமாகச் சந்தா கட்டுகிறோம். குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை.

நாங்கள் அமைத்தது இப்படி. ஒன்று பையர் அனுப்பும் டெக் பேக்கை (டிசைன், அளவு விவரம் அடங்கிய ஆவணம்) படித்து அளவுகளை எடுக்கும், ஒன்று துணி எடையைக் கணக்குப் போடும், ஒன்று நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் ஃபினிஷிங்) ரேட் எல்லாம் போட்டுத் துணி விலையைக் கொண்டுவரும், இன்னொன்று கட்டிங் முதல் பேக்கிங் வரை கூலியைச் சேர்க்கும். தலைமை ஏஜென்ட் மொத்தத்தையும் கூட்டி ஒரு பீஸ் விலை சொல்லும். திருப்பூரே இப்படித்தானே ஓடுகிறது, நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், தையல் ஒரு இடம் என்று. அதனால் சுலபமாகச் செட்டாகிவிடும் என்று நம்பினேன்.

முதல் ஷீட்டிலேயே அடி விழுந்தது. 12,000 பீஸ் ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணிக்கு 180 கிராம்). நீளம் 70, கை 20, மடிப்புக்கும் தையலுக்கும் 12, ஆக 102 செ.மீ.; அகலம் 52 உடன் 4 சேர்த்து 56; முன், பின் இரண்டு பக்கம். கணக்குப் போட்டால் சுமார் 206 கிராம். எடை ஏஜென்ட் இதைச் சரியாகப் போட்டு, பிராசஸ் லாஸ் (டையிங் போன்ற வேலைகளில் குறையும் எடை) 8 சதம் கூட்டி 222 என்று கொடுத்திருக்கிறது. விலை ஏஜென்ட்டுக்குப் போனது அந்த 222 என்ற எண் மட்டும். லாஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அதுவும் 8 சதம் கூட்டி 240 ஆக்கிவிட்டது. தலைமை ஏஜென்ட் அதை அழகான அட்டவணையில் போட்டு நீட்டியது. எங்கள் நிட்டிங் மாஸ்டர் சாம்பிள் பீஸைத் தராசில் வைத்தார், 170 கிராம்கூட வரவில்லை. "ஏனுங் தம்பி, கட்டிங் வேஸ்ட், லாஸ் எல்லாம் போட்டாலும் இதுக்கு 240 எப்படிங் வரும்?" என்றார். லாஸை இரண்டு தடவை கூட்டியதால், மொத்த ஆர்டருக்கும் பார்த்தால் தேவையே இல்லாத துணி 210 கிலோவுக்கு மேல் சேர்த்து விலை போட்டிருக்கிறோம். அந்த விலையை மெயிலில் அனுப்பியிருந்தால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிருக்கும்.

ஒரு ஏஜென்ட் என்ன யோசித்தது என்பது அடுத்ததற்குத் தெரியாது, கையில் கொடுத்தது மட்டும்தான் தெரியும். நம் ஊரில் எந்தச் சரக்கும் சீட்டு இல்லாமல் நகராது. நிட்டிங்குக்குப் போனால் கவுண்ட், டயா, கேஜ், லூப் லென்த், ஜிஎஸ்எம் என்று நூல், மெஷின், துணி விவரமெல்லாம் எழுதின புரோகிராம் சீட்டு கூடவே போகும். டையிங்குக்குப் போனால் ரோல் எண்ணிக்கையும் எடையும் போட்ட டிசி (டெலிவரி சலான்) போகும். நான் ஏஜென்ட்டுகளுக்கு நடுவில் சீட்டே வைக்கவில்லை. அப்புறம் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தேன்: எண், அலகு, கிரே எடையா (டையிங்குக்கு முன்) ஃபினிஷ் எடையா (எல்லாம் முடிந்த பின்), எந்தெந்த லாஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, டெக் பேக்கில் எந்தப் பக்கம். இது இல்லாமல் எதையும் கைமாற்றக் கூடாது என்று கட்டளை. கூடவே, மற்றவர்கள் போட்ட விடையைப் பார்க்காமல் டெக் பேக்கிலிருந்து புதிதாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்க ஒரு ஏஜென்ட். அதன்பிறகு 14 ஸ்டைல் போட்டாயிற்று, இந்த மாதிரித் தப்பு திரும்ப வரவில்லை.

உண்மையிலேயே அசந்துபோனது வேறு வேலையில். ஐந்து பையர்களின் மேனுவலைப் படித்து லேபிள், பேக்கிங், தடை செய்த கெமிக்கல் விவரங்களை ஒப்பிட வேண்டியிருந்தது. ஏஜென்ட்டுக்கு ஒரு மேனுவலாகக் கொடுத்தேன், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின, டீ குடித்துவிட்டு வருவதற்குள் பட்டியல் தயார். நானே உட்கார்ந்தால் இரண்டு நாள். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்காத வேலை என்றால் இந்த முறைக்கு ஈடே கிடையாது. கிளாட் ஏ.ஐ.யை உருவாக்கிய ஆந்த்ரோபிக் கம்பெனியின் பொறியாளர்கள் 2025 ஜூனில் எழுதியதும் இதேதான்: ஒரே நேரத்தில் பல பக்கம் தேடுவதற்கு இது பொருந்தும், ஒன்றையொன்று சார்ந்த வேலைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது, சாதாரண உரையாடலைவிடச் சுமார் 15 மடங்கு டோக்கன் (ஏ.ஐ. படித்து எழுதும் சொல்துண்டுகள், கட்டணம் இதை வைத்துத்தான்) செலவாகும்.

அந்தச் செலவை நானும் பார்த்தேன். முதல் மாதம் இரண்டு வாரத்திலேயே கிரெடிட் தீர்ந்துவிட்டது. டெக் பேக்கில் கை அளவு விட்டுப்போயிருந்ததால், இரண்டு ஏஜென்ட்டுகள் ஒன்றையொன்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. இப்போது மூன்று சுற்றுக்குமேல் போனால் நின்று என்னைக் கேட்கும்படி வைத்திருக்கிறேன். செட்டிங்கில் அந்த வரம்பைத் தேடிப் பிடித்து முதல் நாளே போட்டுவிடுங்கள். கையால் எழுதின டையிங் ரேட் சீட்டைப் படிப்பதில் இன்னும் தடுமாறுகிறது, அதை நானே டைப் அடிக்கிறேன்.

காஸ்டிங்கை இப்போது இரண்டே ஏஜென்ட்டாகச் சுருக்கிவிட்டேன், கணக்குப் போட ஒன்று, சரிபார்க்க ஒன்று. மேனுவல் வேலைக்கு ஐந்தும் ஓடுகின்றன. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருவேன். அடுத்த மாதத்துக்கும் சந்தா கட்டியாயிற்று, ஆனால் மாஸ்டர் பார்க்காமல் எந்த ஷீட்டும் பையருக்குப் போவதில்லை.